கறிவேப்பிலைக்குப் போட்ட மாத்திரை

இந்த மலாய் நாட்டில் என்னை முதன்முதலில் தொட்டுப் பேசிய அந்நியப் பெண், என் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்தில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க. நான் ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதமாக முழுகாமல் இருந்தேன். வெள்ளைச் சீருடை போட்ட ஒரு மலாய்க்காரப் பெண் நேராக என் எதிரில் வந்து நின்றாள், என் முகத்தைப் பார்த்தாள், கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பிடித்து, "புச்சாட்" என்றாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் நின்ற அத்தையிடம் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "என்ன அத்தே சொல்றாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல புள்ள, நீ வெள்ளையா இருக்கியாம்" என்றாள் அத்தை. பட்டுக்கோட்டைப் பக்கம் கறுப்பி என்றே பெயர் எடுத்தவள் நான். கடல் தாண்டி வந்ததும் வெள்ளையாகிவிட்டேனே என்று அன்று முழுக்கப் பூரித்துப்போய்த் திரிந்தேன். அந்தச் சொல்லுக்கு ரத்தம் இல்லாமல் வெளிறிப்போனவள் என்று பொருள் என்பது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது.

ஊரில் இதைப் படிக்கும் பெண்களுக்கும், என்னைப்போல் தாலி கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அத்தை என்று நான் சொல்வது மாமியாரை. அப்பாவின் கூடப்பிறந்த அக்காள்தான். முப்பது வருடத்துக்கு முன்பு கப்பலேறி வந்தவள், தன் ஒரே மகன் குமரேசனுக்குத் தம்பி மகளைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று என்னை வரவழைத்தாள். பெரியவர்களைச் "சொன்னார், செய்தார்" என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. மன்னித்துவிடுங்கள், அல்லது மன்னிக்காமல் போங்கள். எங்கள் தோட்டம் கோல சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருக்கிறது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட தோட்டம். என் கணவர் குலை வெட்டுவார், நான் பின்னாலேயே போய் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவேன். தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் என் பெயர் இல்லை. வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு விடியும்போது போனால், வெயில் உச்சிக்கு ஏறும்வரை குனிந்தே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் கண் இருட்டும். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நாட்டில் பசி கிடையாது என்று ஊரில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அது பொய்யில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, லோரியில் மீன் வரும், கோழி வரும், தஞ்சோங் காராங் பக்கத்து அரிசி மூட்டையாக வரும். எல்லாம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. ஆனால் முதலில் என் கணவர் சாப்பிடுவார். அவரோடு குலை தூக்கும் ஆள் யாராவது வந்திருந்தால் அவரும். பிறகு அத்தை. கடைசியில் சட்டியைச் சாய்த்து நான். மீனில் எனக்கு வந்தது குழம்பு. கோழியில் எனக்கு வந்தது கழுத்து, அதுவும் சில நாள். இதைத் தோட்டத்து வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், ஊரிலும் இதேதான். நான் வயதுக்கு வந்தபோது அம்மா பதினாறு நாள் என்னை உட்காரவைத்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் ஊட்டினாள். இடுப்பெலும்பு பலப்படும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டும் என்றாள். பதினேழாம் நாள் நான் மறுபடியும் சட்டியின் அடிக்கு வந்துவிட்டேன். ஒரு பெண் ஐம்பது அறுபது வருடம் வாழ்கிறாள், அவளுக்கென்று ஒரு தட்டு எடுத்துவைப்பது அந்தப் பதினாறு நாள்தான். அதுவும் அவளுக்காக இல்லை, அவள் வயிற்றில் வரப்போகிறவனுக்காக.

என் கண்ணை இழுத்துப் பார்த்த அந்தப் பெண் எங்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கின் மிஸ்ஸி. தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள். ரொக்காயா மிஸ்ஸி. மாதா மாதம் அத்தை என்னை அவளிடம் அழைத்துப் போவாள். மிஸ்ஸி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அட்டையில் எழுதி, இரண்டு காகித உறைகள் கொடுப்பாள். ஒன்றில் மஞ்சள் நிறத்தில் குட்டி மாத்திரைகள், இன்னொன்றில் சிவப்பாக, சற்றுப் பெரிய மாத்திரைகள். இரண்டையும் அத்தையின் கைதான் வாங்கும். வீட்டுக்கு எது வந்தாலும் சாமி மேடையில் வைத்து, அங்கிருந்து அத்தை கையால் பங்கு பிரிப்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். மாத்திரையும் அப்படித்தான். விளக்கு வைத்ததும் கூப்பிட்டு ஒரு மஞ்சள் மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பாள். சிவப்பு எங்கே என்று ஒருநாள் கேட்டேன். "அது கடைசி மாசத்துக்கு. இப்பத் தின்னா சூடு" என்றாள். என் அப்பாவின் அக்காள் சொல்கிறாள், நம்பினேன். மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் "உபாட் மக்கான்?" என்று, மருந்து சாப்பிடுகிறாயா என்று, வாயில் போடுவதுபோல் சைகை காட்டிக் கேட்பாள். நம் வழக்கப்படி தலையை இடதும் வலதுமாக ஆட்டுவேன். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்குப் புரியாது. பின்புறத்தைக் காட்டி, தன் கறுப்புக் காலணியைத் தொட்டு வேறு ஏதோ கேட்பாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், அதற்கும் தலையை ஆட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே அட்டையில் ஒரு கோடு போடுவாள்.

பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. ஒரு கைக்குள் அடங்கியது. எனக்கு நிற்காமல் உதிரம் போய், யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். பிள்ளை பால் குடிக்கத் தெம்பில்லாமல் எட்டு நாள் இருந்தான். பெயர் வைக்கும் நாள் வரவில்லை. தோட்டத்து எல்லையில், வாய்க்கால் கரையில் அவனைப் புதைத்தார்கள், என்னைப் பார்க்க விடவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது துக்கம் கேட்க லயத்துப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்கள் நடுவில் உட்கார்ந்து, என் காது கேட்கவே சொன்னாள். "என்னா செய்யிறது. ஊர்லேருந்து வந்த ரத்தம், செத்த ரத்தம். பஞ்சத்துல வளந்தவ, புள்ளைக்கு என்னாத்தக் குடுப்பா." பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அன்றிலிருந்து லயத்தில் எனக்கு ஊர்க்காரி என்பதோடு இன்னொரு பெயரும் சேர்ந்தது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நானும் நம்பினேன், அதுதான் கொடுமை. என் ரத்தம்தான் என் பிள்ளையைத் தின்றது என்று ஒன்றரை வருடம் நம்பினேன். என் அம்மாவை, அவள் ஊற்றிய கஞ்சியை, எங்கள் ஊரையே மனசுக்குள் திட்டினேன்.

மறுபடியும் முழுகாமல் ஆனேன். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. லயத்துப் பொதுக்குழாயில் துணி துவைக்கும்போது, பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காள் பேச்சு கொடுத்தாள். நான்கு பிள்ளை பெற்றவள், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"மிஸ்ஸி மாத்திர ஒழுங்கா திங்கிறியா புள்ள?"

"தெனம் அத்தே குடுக்கிறாங்க அக்கா."

"வெளிக்கிக் கறுப்பாப் போவுதா?"

நான் சோப்பைக் கீழே போட்டுவிட்டேன். "என்னாக்கா இது, அசிங்கமா."

"இதுல என்னாலா அசிங்கம். அந்தச் செவப்பு மாத்திர ரத்தம் ஊறக் குடுக்கிறது, அதத் தின்னா தார் மாதிரிக் கறுப்பாத்தான் போவும். நாலு புள்ளைக்கும் எனக்கு அப்படித்தான். போவலன்னா நீ திங்கலன்னு அர்த்தம். மிஸ்ஸி அதத்தான கேப்பா."

அந்தக் கறுப்புக் காலணியைத் தொட்டு அவள் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. துணியைப் பிழியாமலே வீட்டுக்கு வந்தேன். அத்தை கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சாமி மேடை, அரிசிப் பீப்பாய், அத்தையின் தகரப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். மஞ்சள் உறை இருந்தது. சிவப்பு உறை காலியாக இருந்தது. அப்போது பின்வாசல் வழியாகக் கறிவேப்பிலைச் செடி கண்ணில் பட்டது. அப்பா வீட்டுக் கொல்லையிலிருந்து அத்தை ஈரத்துணியில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்த கன்றாம் அது, வேரில் முளைத்ததைப் பெயர்த்துப் பெயர்த்து வீடு மாறும்போதெல்லாம் கொண்டுவந்து வளர்த்தாள். எங்கள் லயத்திலேயே இவ்வளவு கரும்பச்சையாக வேறு செடி கிடையாது. "என்னா உரம் போடுறீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. அத்தை சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள். நான் மண்வெட்டியை எடுத்து வேரைச் சுற்றிக் கிளறினேன். முதலில் துருப்பிடித்த மாதிரி மண் வந்தது. அப்புறம் மாத்திரைகள். மேல்சாயம் கரைந்து பாதியானவை, கையில் பிடித்ததும் நொறுங்கியவை, நேற்றுப் போட்டதுபோல் சிவப்பாகவே இருந்தவை. வயிற்றுப் பிள்ளையோடு அந்த மண்ணில் உட்கார்ந்து என் ரத்தத்தைப் பொறுக்கினேன். பழம் பொறுக்கிப் பழகிய கை, ஒன்றுகூடத் தவறவில்லை.

கத்தவில்லை, அழவில்லை. அன்று கெம்போங் மீன் குழம்பு வைத்தேன். என் கணவருக்கும் அத்தைக்கும் ஒன்றாகத் தட்டு வைத்தேன். அவருக்குச் சோறும் மீனும். அத்தையின் தட்டில் சோறு, அதன்மேல் மண்ணோடு மண்ணாக அந்த மாத்திரைகள். அத்தை தட்டையே பார்த்தாள்.

"சாப்பிடுங்க அத்தே. செடிக்கே இவ்வளவு நல்லா இருக்கே."

"என்னாது இது?" என்றார் என் கணவர்.

நான் சொன்னேன். அத்தை மறுக்கவில்லை. "அதத் தின்னா புள்ள பெருசாயிரும், தல எறங்காது. இந்தா ஒக்காந்திருக்கானே, இவன் பெருசா இருந்துதான் ரெண்டு நாளு வலியில கெடந்தேன். பொழச்சது மறுபொறப்பு. ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள்.

"அப்பச் செத்த ரத்தம்னு ஏன் சொன்னீங்க?"

என் கணவர் மீனைப் பிட்டுக்கொண்டே, "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றார். நடந்தது அவருக்கு நடந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. அவள் பயந்து செய்தாள், அறியாமல் செய்தாள் என்று படிக்கிறவர்களில் பாதிப்பேர் சொல்வீர்கள். மாத்திரையைப் புதைத்தது பயத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கடியில் மாத்திரை கிடப்பது தெரிந்தும், பத்துப் பெண்களைக் கூட்டிவைத்து என் ரத்தத்தின்மேல் பழியைப் போட்டாளே, அது எதில் சேர்த்தி?

அன்றிலிருந்து பழிக்குப் பழி வாங்கினேன். என் ஆயுதம் சாப்பாடு. மறுநாள் விடிந்ததும் அடுப்படியில் முதல் தட்டு எனக்கு வைத்தேன். மீனின் நடுத்துண்டு எனக்கு. கோழி வந்தால் ஈரல் எனக்கு. என் கணவர் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார், நிற்கட்டும் என்று மென்று மென்று சாப்பிட்டேன். சனிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் கெராங் விற்க வருவான் ஒரு மலாய்க்காரன். கடற்சேற்றில் பொறுக்கும் சிப்பி அது, கோல சிலாங்கூர்ப் பக்கம் மலிவோ மலிவு. உடைத்தால் உள்ளே ரத்தம் போலச் சிவந்திருக்கும். பிள்ளைத்தாய்ச்சி தொட்டால் பிள்ளைக்குக் கரப்பான் வரும் என்று அத்தை அதை வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. மிஸ்ஸியிடம் கையைக் காட்டிக் கேட்டேன். நன்றாக வேகவைத்துத் தின்னச் சொல்லி அவளும் கையைக் காட்டினாள். வாய் பிளக்கும்வரை வேகவைத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, லயமே பார்க்கத் தின்றேன். சிப்பி ஓடுகளை அத்தையின் காலடியில் போட்டேன். மிஸ்ஸி புதிதாகக் கொடுத்த சிவப்பு மாத்திரை உறை இப்போது என் ரவிக்கைக்குள் இருந்தது. தினமும் அத்தையின் எதிரில் நின்று ஒன்றை விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். "முழுங்கிட்டேன் பாருங்க அத்தே." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், திரும்பிய பக்கம் போய் நின்று காட்டுவேன்.

கிளினிக்கில் பேசுவதற்காகவே மலாய் கற்றேன். முதலில் கற்ற சொல் புச்சாட். மகள் சுமதி பிறந்தாள். கொழுகொழுவென்று பிறந்தாள், தலை தானாக இறங்கியது. பார்க்க வந்த அத்தையிடம் பிள்ளையின் தலையைத்தான் முதலில் காட்டினேன். "எறங்கிடுச்சு அத்தே" என்றேன். பத்திய நாட்களில் அத்தை மருந்துச் சரக்கரைத்துக் கொண்டுவந்து வைத்தால், அதில் பாதியை அவள் தின்று காட்டிய பிறகுதான் நான் தொட்டேன். சுமதி பால் குடித்த காலம் முழுக்க நான் இரண்டு பேருக்குச் சாப்பிட்டேன். இப்போதும் எங்கள் வீட்டில் முதல் தட்டு சுமதிக்கு. அவள் வயதுக்கு வரும்போது பதினாறு நாள் சடங்கெல்லாம் கிடையாது என்று இப்போதே சொல்லிவிட்டேன், தினமும்தான் அவளுக்கு முட்டை.

போன வருடம் மழையில் பின்வாசல் படியில் வழுக்கி அத்தை விழுந்தாள். வலது மணிக்கட்டு ஒடிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வலுவிழக்கும், ஆயுள் முழுக்கச் சட்டியின் அடியைச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் மோசம் என்று டாக்டர் விளக்கினார். அத்தையும் அவள் மாமியாருக்குக் கீழே சட்டியைச் சாய்த்தவள்தானே. தினமும் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஒரு குவளைப் பாலும் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் கிளினிக்கில் அந்த வெள்ளை மாத்திரை உறையை மிஸ்ஸி நீட்டியபோது வாங்கியது என் கை. நான் நேராகப் போய்ச் சாமி மேடையில் வைத்தேன். பாலைக் கொடுத்தேன். மாத்திரையைக் கொடுக்கவில்லை. "சூடு அத்தே, அப்பறம் திங்கலாம்" என்றேன். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, நாளுக்கு ஒன்றாகக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தேன். எட்டு நாள். எட்டு மாத்திரை. எட்டு மாத்திரையில் யாருடைய எலும்பும் உருகிப்போகாது, அது எனக்குத் தெரியும். என் பிள்ளை உயிரோடு இருந்த நாளுக்குத்தான் அது. ஒவ்வொன்றாக மண்ணுக்குள் அழுத்தும்போது எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் நாள் கிளினிக். பெஞ்சு நிறையத் தோட்டத்துப் பெண்கள், பாக்கியம் அக்காளும் இருந்தாள். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அத்தையின் மலாய் மீன் வாங்கத்தான் உதவும், அதனால் நடுவில் நின்று நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். ரொக்காயா மிஸ்ஸி தினமும் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். அத்தை என் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு நாளாத் திங்கலன்னு சொல்லு" என்றாள், சத்தமாக. "எம் மருமவ செடிக்கடியில பொதைச்சிட்டான்னு சொல்லு. கைய ஒடைச்சிக்கிட்டுப் பின்வாசல்லதான ஒக்காந்திருக்கேன், மண்ணு வெள்ளையா இருக்கிறது கண்ணுக்குத் தெரியாதா. ஏன் பொதைச்சான்னும் சொல்லு. அவ மாத்திரய நான் பொதைச்சேன், புள்ள போச்சு. பழிய அவ ரத்தத்துமேல போட்டேன். எல்லாத்தையும் சொல்லு."

இதைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன். இதே பெண்கள் முன்னால், இதே வாயால். மிஸ்ஸி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்றாள்.

"ஹாரி ஹாரி மக்கான், மிஸ்ஸி" என்றேன். தினமும் சாப்பிடுகிறாள்.

"பாகுஸ்" என்று என் தோளைத் தட்டினாள் மிஸ்ஸி. நல்லது, நல்ல மருமகள் என்று சொல்லிக்கொண்டே அட்டையில் கோடு போட்டாள்.

பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி கடந்தது. பிறகு, "ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னாக் கணக்கு தீந்துபோயிடும் அத்தே."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். வாய்க்கால் கரையைப் பஸ் தாண்டும்போது இருவரும் ஒரே பக்கம் பார்த்தோம். கோபித்துக்கொண்டாவது ஊருக்கு வந்துவிடு என்று அப்பா கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். என் அடையாள அட்டை இன்னும் சிவப்புதான், நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லும் சிவப்பு. போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எட்டு நாள் பிள்ளை ஒருத்தன் இங்கே மண்ணுக்குள் இருக்கிறான், அவனுக்குப் பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. அவனை விட்டுவிட்டுப் போய் அப்பா வீட்டுக் கொல்லையில் அந்தத் தாய்ச்செடியின் எதிரில் எப்படி நிற்பேன்?

வீட்டுக்கு வந்ததும் பின்வாசலுக்குப் போய் இரண்டு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்து ரசம் தாளித்தேன். செடியை வெட்டிப் போட எத்தனையோ நாள் கத்தியை எடுத்திருக்கிறேன், ஊரிலிருந்து வந்ததில் எங்களைத் தவிர அது ஒன்றுதான் மிச்சம். அத்தைக்குச் சோறு போட்டேன். உறையைப் பிரித்து வெள்ளை மாத்திரை ஒன்றை அவள் இடது உள்ளங்கையில் வைத்தேன். அவள் விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"வாயத் தொறங்க" என்றேன். "நாக்கத் தூக்குங்க."

அவள் தூக்கிக் காட்டினாள். நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். நாளைக்கும் பார்ப்பேன்.